எல்லாம் மனசுதானா?

செம்பரம்பாக்கம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். ஐப்பசி பிறந்துவிட்டால், ஏரியின் முழு ஆழமான 24 அடியில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் பலர் மறு காரியம் பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை அநுபவித்தவர்களுக்கு அது வெறும் கணக்கு அன்று, உயிர்க் கணக்கு.

அந்த ஏரிக்குச் சமீபமாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்னொரு பிரவாகமும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலை பஸ்களைச் சொல்லுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் செய்கிறவர்கள், சுங்குவார்சத்திரத்தில் டெலிபோன் செய்கிறவர்கள், ஒரகடத்தில் லாரி செய்கிறவர்கள் ஆகியோர் அவற்றில் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் மாலை ஷிப்டு, அதற்கும் மறு வாரம் ராத்திரி ஷிப்டு என்பது பல இடங்களில் முறை. ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயைச் சற்றே திறந்தபடி தூங்கும் அந்த இளைஞர்களையும் பெண்களையும் நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பத்திரிகைகள் போடுகின்றன. இவர்கள் கண்ணில் எத்தனை நாழிகைத் தூக்கம் பாக்கி என்று யாரும் போடுவதில்லை.

இவர்களில் ஒருத்தி லீவில் வீட்டுக்கு வந்து, "வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை" என்று சொன்னால் நம்முடைய குடும்பங்களில் இரண்டு விதமான தீர்ப்புக் கிடைக்கும். "எல்லாம் மனசுதான், தைரியமாயிரு" என்பது ஒன்று. "மனசாவது, மண்ணாங்கட்டியாவது! மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கு" என்பது மற்றொன்று. இந்த இரண்டு தீர்ப்பும் தவறு. தவறு மட்டுமல்ல, சில சமயம் ஆபத்தும்கூட.

முதல் தீர்ப்பை விசாரிப்போம். வயிற்றுப் புண் கவலையினாலும் காரத்தினாலும் வருகிறது என்று நெடுங்காலம் வைத்தியர்களே சொல்லிவந்தார்கள். நோயாளிக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்தார்கள். கூடவே உபதேசமும் கொடுத்தார்கள். 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தேசத்துப் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், வயிற்றுக்குள் குடியிருக்கும் ஒரு கிருமியே பெரும்பாலான புண்களுக்கு மூலகாரணம் என்று கண்டார்கள். உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து, தம் வயிற்றில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சில வார மருந்தினால் குணமாகக் கூடிய வியாதிக்கு எத்தனை ஆயிரம் பேர் "நீ கவலைப்படுகிறாய், அதுதான்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே காலம் கழித்திருப்பார்கள்! ஆகையால், ஒருவருடைய வலியைப் பரீட்சை செய்யாமல் மனத்தின்மேல் பழி போடுவது தர்மமல்ல.

அப்படியானால் இரண்டாவது தீர்ப்புத்தான் சரியோ? அதுவும் இல்லை. அதே கிருமி நம் தேசத்தில் பாதிக்கு மேற்பட்ட ஜனங்களின் வயிற்றில் இருக்கிறது. புண்ணோ அவர்களில் சிலருக்குத்தான் வருகிறது. புகைபிடித்தல், வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள், ஓயாத மனச்சுமை ஆகியவையும் அதில் கைகொடுக்கின்றன. விதை ஒன்றுதான், நிலம் எப்படிப் பண்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஷெல்டன் கோஹன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஜலதோஷக் கிருமியை 394 பேருடைய மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கவனித்தார்கள். அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தவர்கள். தாங்களே முன்வந்து சம்மதித்தவர்கள். மனப்பாரம் ஏற ஏற, நோய் பிடித்தவர்களின் விகிதமும் ஏறியது. இது 1991-ல் வெளியான முடிவு. பிறகு 153 பேரை வைத்து நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தூக்கத்தைக் கணக்கெடுத்தார்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கினவர்களைவிட, ஏழு மணிக்கும் குறைவாகத் தூங்கினவர்களுக்கு ஜலதோஷம் வருவது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாயிருந்தது. கிருமி எல்லோருக்கும் ஒரே கிருமிதான்.

இது எப்படி நடக்கிறது? தெருவில் மாடு முட்ட வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகங்களின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள் உடனே தம்முடைய ரசங்களை ரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஜீரண வேலை நின்றுபோகிறது. ஓடித் தப்புவதற்கு இது உத்தமமான ஏற்பாடு. மாடு போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கடன், வேலை நிரந்தரமில்லை என்ற திகில், மேஸ்திரியின் அதட்டல் ஆகிய மாடுகள் சந்து திரும்பிப் போவதில்லை. மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கின்றன. தேகமும் மாதக்கணக்கில் ஓடுவதற்குத் தயாராகவே இருக்கிறது. ரத்த அழுத்தமும் நீரிழிவும் அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு இதைவிட வேறு வழிகாட்டி வேண்டியதில்லை.

தூக்கத்தின் கதையும் இதை ஒட்டியதே. நம் மூளையின் அடிப்பாகத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அது மணி பார்க்கிறது. தேகத்தின் அணுக்களுக்குள்ளேயே அந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு அளித்தார்கள். நடு நிசியில் சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைத் தேகம் பகலில் போல் சுலபமாகக் கையாளுவதில்லை. பல வருஷம் ராத்திரி ஷிப்டு பார்த்தவர்களிடம் நீரிழிவும் இருதய நோயும் அதிகம் காணப்படுகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புற்றுநோயை உண்டாக்கக் கூடுமென்று கருதத் தக்கவற்றின் வரிசையில் ராத்திரி ஷிப்டு வேலையை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ராத்திரி வேலை செய்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் "தூக்கந்தானே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்ற அலட்சியம் கூடாது என்று நிச்சயமாக அர்த்தம்.

"இவ்வளவு கவலையும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கல்லவா? பொறுப்பு அவர்கள் தலையில்தானே!" என்று சிலர் கேட்கலாம். லண்டனில் ஸர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பற்றி 1967-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மைக்கேல் மார்மட் என்ற டாக்டர் அதன் முடிவுகளைப் பிரசித்தப்படுத்தினார். மேல்தட்டு அதிகாரிகளைவிடக் கடைசிப் படியிலிருந்த சிப்பந்திகளே இருதய நோயினால் மும்மடங்கு அதிகமாக இறந்தார்கள்! புகைபிடித்தலையும் ரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. 1985-ல் ஆரம்பித்த இரண்டாவது ஆராய்ச்சியில் ஒரு காரணம் வெளிப்பட்டது. தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது ஓய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவனுக்கே நோய் அதிகம். உழைப்பு மட்டும் மனிதனைக் கொல்வதில்லை. தன் கையில் ஒன்றுமில்லை என்ற நிலையும் சேர்ந்துகொள்கிறது.

நம்முடைய நெடுஞ்சாலையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2021 டிசம்பர் மத்தியில், பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அது மனசின் வேலையல்ல, ஆகாரத்தின் வேலை. ஆனால் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று ஒரு பொய்ச் செய்தி பரவிற்று. தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது சரியாகத் தெரியவில்லை. 17-ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய தொழிற்சாலையில் டெலிபோன் செய்துகொள்ளும் ஆப்பிள் கம்பெனியே, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஒத்து இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டது. கெட்ட உணவு வயிற்றைக் கெடுத்தது. உண்மை தெரியாத நிலை மனத்தைக் கெடுத்தது. ஒன்றுக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. மற்றொன்றுக்கு மருந்து, வேளைக்குச் சொல்லப்பட்ட நாலு உண்மையான வார்த்தைகள்.

ஆகவே, ஆரோக்கியம் தனி மனிதரின் மனோதிடத்தை மட்டும் பொறுத்ததல்ல. சட்டமும் ஏற்பாடும் அதில் பங்குள்ளவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கக் கூடாதென்று தடுத்தது. பெண்களுக்குச் சம உரிமை என்ற நியாயத்தை ஒட்டி, 2000 டிசம்பரில் சென்னை ஹைக்கோர்ட் தக்க பாதுகாப்புகளை விதித்து அந்தத் தடையை நீக்கியது. உரிமை வந்தது நல்லதே. உரிமையோடு தூக்கமும் வர வேண்டும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகளோடு விடுதி திறந்தார்கள். தரையில் நெருக்கியடித்துப் படுத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கட்டில் கிடைப்பதும் வைத்தியந்தான்.

ஸர்க்காரும் முதலாளிகளும் செய்ய வேண்டியது ஒரு புறம் இருக்க, நம்முடைய வீட்டில் செய்யக் கூடியது என்ன? ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர் தூங்கும் அறையை இருட்டாக்குங்கள். "பட்டப்பகலில் என்ன தூக்கம்?" என்ற வசனத்தை வீட்டிலிருந்தே நாடு கடத்துங்கள். விருந்தாளி வந்தாலும், காஸ் சிலிண்டர் வந்தாலும் எழுப்பாதீர்கள். வேலைக்குப் புறப்படுமுன் வயிறாரப் போடுங்கள்; நடு ராத்திரிக்கு லேசான பலகாரம் போதும்; விடியற்காலைத் தேநீரைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வலி என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புங்கள். மார்வலி, மூச்சுத் திணறல், ரத்த வாந்தி, கறுத்த மலம் என்றால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். காரணமின்றி உடம்பு இளைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் பரீட்சை செய்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் விஷயம் முடிந்ததாக எண்ண வேண்டாம். "எத்தனை மணி தூங்குகிறாய்? யார் உன்னை அதட்டுகிறார்கள்? எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" என்ற மூன்று கேள்விகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் தெளியாவிட்டால், 14416 என்ற எண்ணுக்குப் பேசினால் ஸர்க்கார் செலவிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அடுத்த முறை டெலிபோன் செய்யும்போது, சம்பளம் வந்துவிட்டதா என்று விசாரிப்பதற்கு முன்னால், நேற்று நன்றாகத் தூங்கினாயா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.