சிற்றெழுத்தில் ஓர் உண்மை

பாடநூல்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் நெடுங்காலமாக வீற்றிருக்கும் படம் ஒன்றுண்டு. இடப்புறம் சூரியன், அதனையடுத்து, காலைக்கூட்டத்தில் வரிசை பிடித்து நிற்கும் பிள்ளைகளைப் போல், சம இடைவெளியில் எட்டுக் கோள்கள். படத்தின் அடியில், ‘அளவுக்கேற்ப வரையப்பட்டதன்று’ என்று சிற்றெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பலவற்றில் அதுவும் இராது.

படிக்க வல்ல மாணவனுக்கு அக்குறிப்பு ஒரு காப்பு. பொய்யைச் சொன்னவர்கள், பொய்யென ஒப்புக்கொள்ளும் நேர்மையையேனும் அவனிடம் காட்டுகின்றனர். எழுத்தை ஒலியோடு இணைக்க இடர்ப்படும் பிள்ளைக்கோ படமே பாடம். அவன் நம்பிப் பற்றிக்கொள்ளும் அந்த ஒன்றே அவனை ஏமாற்றுகிறது. திருத்தமோ அவனுக்கு எட்டாத எழுத்தில் கிடக்கிறது. இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுவோர், அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒருமுறை அமர்ந்து பார்த்தல் நன்று.

உண்மை யாது? 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பக்கத்தின் ஒரு விளிம்பில் சூரியனையும் மறு விளிம்பில் நெப்டியூனையும் வைத்தால், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் சூரியனையொட்டிய ஒரு சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கும். எஞ்சிய தாளெல்லாம் வியாழன் முதலான நான்கு கோள்களுக்கும் வெறுமைக்கும் உரியது. அந்த வெறுமைதான் பாடம். படமோ அதனைத்தான் முதலில் அழித்துவிடுகிறது.

எண்களைக் கொடுத்தால் போதாதோ எனலாம். பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். நெப்டியூன் 450 கோடி. முன்னதில் 15-க்குப் பின் ஏழு சுழியம், பின்னதில் 45-க்குப் பின் எட்டுச் சுழியம். எண்ணறிவில் இடர்ப்படும் பிள்ளையின் கண்ணுக்கு வேற்றுமை, மிகையாக நிற்கும் ஒரு சுழியந்தான். முப்பது மடங்கு என்னும் பேருண்மை அதற்குள் புதைந்து போகிறது.

ஆகவே, ‘இப்பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயரும் நிறமும் போதும்’ என்று முடிவு கட்டுவோர் உளர். மலேசியக் கல்வியமைச்சு, சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்னும் கொள்கையை 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே பாடத்தை மறுத்தால், அது மறுப்பாகாதோ? சனிக்கோளுக்கு வண்ணம் தீட்டி வீடு திரும்பும் பிள்ளை வானியல் கற்றதாகப் பதிவேட்டில் எழுதுவது யாரை மகிழ்விக்க?

அவர்களைத் திடலுக்கு அழைத்துச் செல்லட்டும். சூரியனிலிருந்து பூமிக்கு ஓர் எட்டு. புதனும் வெள்ளியும் அந்த ஓரெட்டுக்குள், செவ்வாய் ஒன்றரையில். பின்னர் வியாழனுக்கு ஐந்து எட்டு, சனிக்கு ஒன்பதரை, யுரேனஸுக்குப் பத்தொன்பது, நெப்டியூனுக்கு முப்பது. முப்பது எட்டு நடக்க எழுத்தும் வேண்டா, வகுத்தலும் வேண்டா. ஆனால், ஓர் எச்சரிக்கை. ஆர்வமிகுதியால் சூரியனென்று கால்பந்தை நட்டுவிட்டால் பழைய பொய் புதுவடிவில் திரும்பி வரும். ஓர் எட்டு 60 சென்டிமீட்டர் எனின், சூரியன் ஒரு மிளகளவே. பூமி கண்ணுக்குத் தெரியாத தூசு. ஆட்டெவெல் என்னும் வானியல் எழுத்தாளர் 1989-இல் பூமியையே மிளகாக்கி ஒரு மாதிரி வகுத்தார். அதில் சூரியன் எட்டு அங்குலப் பந்து, நடக்க வேண்டிய தொலைவோ ஆயிரம் கெஜம். மழை நாளில் இவை நடவா.

மழை நாளுக்கு ஒரு நாடா உண்டு. இரண்டு மீட்டர் நாடாவின் ஒரு முனை சூரியன். மறுமுனை, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006-இல் கோள் நிலையினின்று நீக்கிய புளூட்டோ. பட்டியலில் இடமிழந்தாலும் இங்கே அதற்கு வேலையுண்டு. நாடாவைப் பாதியாக மடித்தால் யுரேனஸ். யுரேனஸுக்கும் புளூட்டோவுக்கும் நடுவே நெப்டியூன். சூரியனுக்கும் யுரேனஸுக்கும் நடுவே சனி. அதனையும் சூரியன் பக்கம் பாதியாக்கினால் வியாழன்; மீண்டும் மடித்தால் குறுங்கோள் பட்டை; இன்னும் ஒரு மடிப்பில் செவ்வாய். எல்லாம் ஏறக்குறையத்தான், ஆயினும் சுவர்ப்படத்தினும் பன்மடங்கு உண்மை. மூன்று விரல் அகலம் மட்டுமே எஞ்சுகையில், புதனும் வெள்ளியும் பூமியும் அதற்குள் எவ்வாறு அடங்குமெனப் பிள்ளை திகைப்பான். அத்திகைப்பைத்தான் இத்தனை காலமும் அவனுக்குத் தராது வைத்திருந்தனர்.

நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. கோள்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கச் செய்வதற்கு மட்டும் நாள்கணக்கில் நேரம் கிடைக்கிறது. தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டன்றோ! முப்பது எட்டு நடந்து காட்டும் பிள்ளைக்கு மதிப்பெண் வழங்க ஒரு கட்டமேனும் மதிப்பீட்டுத் தாளில் வரையப்படட்டும். செலவு, இரண்டு மீட்டர் நாடாவும் பதினொரு துணிக்கவ்விகளும்.