கண்டேன் என்ற சொல் மட்டும் போதுமா?

கொலை வழக்கொன்றில் சாட்சி ஒருவர் எதிரிக்கூண்டைச் சுட்டி, "இவரையே கண்டேன்" எனச் சத்தியம் செய்து கூறுங்கால் மன்றமே அசைந்துவிடுகின்றது. பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை அம்பலப்படுத்தக்கூடும். ஆனால், மெய்யே உரைப்பதாக நெஞ்சார நம்பிக்கொண்டு பிழையாக உரைப்பவரை எங்ஙனம் கண்டுகொள்வது? அந்தி மங்கலில் வரப்பில் வருபவரை அயலவரென எண்ணிக் குரல்கொடுத்து, கிட்ட வந்ததும் வேற்றாளெனக் கண்ட அனுபவம் இல்லாத கமக்காரர் யார்? வரப்பில் அப்பிழை சிரிப்போடு தீரும். மன்றிலோ ஒருவரின் வாழ்வையே தீர்த்துவிடும்.

1908 டிசம்பர் 21 ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் தமது வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய வைரப் பதக்கம் ஒன்று காணாமற் போயிற்று. ஒஸ்கார் ஸ்லேற்றர் என்ற ஜேர்மானிய யூதர் வைரப் பதக்கம் ஒன்றை அடகு வைத்திருந்தமையால் பொலிஸாரின் பார்வை அவர்மீது விழுந்தது. அது கொலைக்கு முன்னரே அடகு வைக்கப்பட்ட வேறு நகை என்பது தெளிந்த பின்னரும் வழக்குக் கைவிடப்படவில்லை. கொலையாளியைக் கணப்பொழுதே கண்ட வீட்டு வேலைக்காரியும் 14 வயதுச் சிறுமியும் அவரை அடையாளங் காட்டினர். சிறுமிக்கோ அவருடைய நிழற்படம் முன்னரே காட்டப்பட்டிருந்தது!

1909 மே மாதம் எடின்பரோவில் வழக்கு விளங்கப்பட்டது. ஸ்லேற்றரின் ஒழுக்கம் இழிந்தது. ஆதலின் குற்றமற்றவர் என்ற அனுமானம் பிறருக்குப்போல் அவருக்கு இல்லை என்னும் பொருள்பட நீதிபதி ஜூரிமாருக்கு எடுத்துரைத்தார். பதினைவருள் ஒன்பதின்மர் குற்றவாளி என்றனர். தூக்குக்கு இரு நாட்களின் முன் மரணதண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. சேர் ஆதர் கொனன் டொயில் முதலியோர் நீண்ட காலம் வாதாடினர். 18 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடிய ஸ்லேற்றர் 1927 இல் விடுதலை பெற்றார். ஜூரிமாரை நீதிபதி பிழையாக நெறிப்படுத்தினார் என்ற காரணத்தால் 1928 இல் தீர்ப்பு நீக்கப்பட்டது.

பொற்கொல்லனின் சொல்லை நம்பி, ஆராயாமலே கோவலனைக் கள்வனென்று கொண்ட பாண்டியனின் பிழையும் இதுவேயன்றோ?

கொலை செய்தவர் இவரே என எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநருடையது. 1935 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வுல்மிங்ரன் வழக்கில் இக்கோட்பாட்டை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. 1976 இல் ரேண்புல் வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு மன்றம், எத்துணை நேரம், எவ்வளவு தூரத்தில், எத்தகைய வெளிச்சத்தில் கண்டார் என்பவற்றை ஆராயவேண்டும் எனப் பணித்தது. அடையாளச் சான்று நலிந்ததாயும் வேறு ஆதாரம் அற்றதாயும் இருப்பின் வழக்கை நிறுத்திவிடுக என்றும் கூறிற்று.

1976 இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்பட்டிலர். மரணதண்டனைத் தீர்ப்போ சட்டத்தில் இன்றும் உண்டு. ஆகவே நாம் வற்புறுத்துவது இது: நீதவான் முன் நடைபெறும் அடையாள அணிவகுப்புக்கு முன்னர் சந்தேகநபரின் முகம் எவ்வழியாலும் சாட்சியின் கண்ணிற் படலாகாது. பத்திரிகைகளும் கைத்தொலைபேசிகளும் இதற்கு விலக்கல்ல. சான்று போதாதெனக் கண்டு எதிரியை விடுவிக்கும் நீதிபதியை நாம் தூற்றுதலும் தகாது. கொலையுண்டவரின் குடும்பம் நீதி கேட்பது நியாயமே. ஆனால், தவறான ஒருவர் சிறையில் வாடும்வரை உண்மைக் கொலைஞன் ஊருக்குள் உலவுகின்றான் என்பதை எவரும் மறத்தலாகாது.