மணலுக்கடியில் ஓர் ஆறு

கல்விச் சுற்றுலா என்றதும் உதகையும் கொடைக்கானலும் மாணவர் நினைவில் எழுவது இயல்பு. நிலத்தடி ஆறுகளையும் குகைகளையும் காண விழையும் மாணவரும் இன்று உளர். அவ்விழைவு போற்றத்தக்கதே.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பலவான் தீவில், புவேர்ட்டோ பிரின்செசா தேசியப் பூங்காவின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் 8 கிலோமீட்டருக்கும் மேலாக ஓர் ஆறு ஓடி, நேரே கடலிற் கலக்கின்றது. 1999-இல் யுனெஸ்கோ அப்பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அத்துணைத் தொலைவு செல்ல இயலாதார்க்குச் சத்தீஸ்கர் மாநிலத்து ஜகதல்பூர் அருகே காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா உண்டு. 1982-இல் அமைந்த அப்பூங்காவிலுள்ள கோட்டும்சர் குகையில், மழைநீர் சுண்ணாம்புப் பாறையை நெடுங்காலம் கரைத்து வழி சமைத்துள்ளது. சொட்டிய நீரே கல்விழுதாகவும் கல்முளையாகவும் உறைந்து நிற்கின்றது. ஒளி புகாத அந்நீரில் வாழும் மீன்கள் பார்வை குன்றியவை. மழைக்காலத்தில் வெள்ளம் புகுவதால் குகை அடைக்கப்படும். ஏனைய காலத்தும் வழிகாட்டியும் விளக்குமின்றி எவரும் உள்ளே செல்லலாகாது.

கண்ணுக்குப் புலனாகாத நீருக்கு இத்துணை மதிப்பளிக்கும் நாம், நம் காலடியில் ஓடும் ஆற்றுக்கு என்ன மதிப்பளித்தோம் என்பதே ஈண்டு எழும் வினா.

பாலாறு வறண்ட ஆறு என்பது பாதி உண்மையே. நந்திமலைப் பகுதியில் தோன்றி, மூன்று மாநிலங்களைக் கடந்து, வங்கக் கடலை அடையும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலுக்குள் மறைந்தே நகர்கின்றது. நம் முன்னோர் மணலை அகழ்ந்து ஊற்றுக்கால் வெட்டிக் கழனிகளை விளைவித்தனர். குகையில் ஓடுவது பாறையிடை ஆறு எனில், நம்முடையது மணலிடை ஆறு.

அந்த ஆற்றில்தான் தோல் ஊறிய உப்பும் பதனிடப் பயன்பட்ட குரோமியமும் கலந்தன. மேலோடும் ஆறாயின் ஒரு பெருவெள்ளம் அழுக்கை அடித்துச் செல்லக்கூடும். மணலுக்கடியில் மெல்ல நகரும் நீரிலோ, கலந்த உப்பு பல்லாண்டு தங்கிவிடும். கழிவை விட்டவர் கண்ணுக்கு அது மறைந்துபோகும். கிணற்று நீரைக் குடிப்பவர் நாவுக்கோ மறையாது.

1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை இப்பாலாற்று வழக்கிலேயே நிலைநாட்டியது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30-இல், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. ஒரே ஆற்றுக்காக ஒரு தலைமுறைக்குப் பின்னும் தீர்ப்பெழுத நேர்ந்தமை நம் அனைவரையும் சிந்திக்க வைத்தல் வேண்டும்.

தோல் தொழிலை மூடிவிடுவதா எனச் சிலர் வினவலாம். அன்று. பல்லாயிரம் இல்லங்களில் அடுப்பெரிவது அதனால்தான். இப்பகுதிக் கல்விக்கூடங்கள் பலவும் தோல் வணிகரின் கொடையால் எழுந்தவை. அக்கொடையின் பெருமையை நன்கறிந்தே இதனை எழுதுகின்றேன். தோலைப் பதனிட்டவரும் அந்நீரைப் பருகியவரும் ஓரூரார். பலவிடத்து ஒரே குடும்பத்தார். ஆதலின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் குறைவற இயக்குவதை, நீதிமன்றத்துக்கு அஞ்சிச் செய்யும் செயலாகக் கருதாமல், அண்டை வீட்டார்க்கு ஆற்றும் கடனாகச் சமுதாயப் பெரியோர் கொள்ளல் வேண்டும். அந்நிலையங்களின் கதவுகள் மாணவர்க்கும் திறக்கப்படுமாயின், அதனினும் சிறந்த கல்விச் சுற்றுலா பிறிதில்லை.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. ஊற்றுக்கால், கசம், மதகு, ஏற்றம் என ஆற்றோடு வாழ்ந்த சொற்கள் முதியோர் நாவில் இன்னும் எஞ்சியுள்ளன. மாணவர் குறிப்பேடுகளுடன் கரையோர ஊர்களுக்குச் சென்று அவற்றைத் தொகுக்கலாம். எக்கிணறு எவ்வாண்டு உவர்ப்பாயிற்று என்பதையும் உடன் பதிவு செய்யலாம். கோட்டும்சர் குகையைப் பிறகு காணலாம், அது காத்திருக்கும். அச்சொற்களை அறிந்த முதியோர் நெடுநாள் காத்திரார்.