சமையலை யார் பார்ப்பது?

என்னோடு பத்தாவது வரை படித்த தோழி, "பனிக்காலத்தில் இமயமலைக்குப் போறோம், நீயும் வாயேன்" என்று கூப்பிட்டாள். உத்தரகாண்டில் உள்ள கேதார்காந்தா சிகரம். உயரம் சுமார் 12,500 அடி. சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து வழிகாட்டியோடு நாலைந்து நாள் நடக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் மாமியார், "மார்கழியில வீட்டை விட்டுட்டு எங்கேம்மா போறே?" என்றார். ஸ்ரீரங்கத்தில் இது நியாயமான கேள்விதான். வைகுண்ட ஏகாதசிக்கு வீடு கொள்ளாமல் உறவினர்கள் வருவார்களே! பிப்ரவரியிலும் பனி இருக்குமாம். அதனால் மாசிக்கு மாற்றிக்கொண்டோம். உடனே கணவர், "சரி, சமையலை யார் பார்ப்பது?" என்றார். "வருஷா வருஷம் நீங்க சபரிமலைக்குப் போறப்ப, நான் இப்படிக் கேட்டிருக்கேனா?" என்றேன். மனிதர் வாயே திறக்கவில்லை.

1975-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண், ஜப்பானின் ஜுன்கோ தாபெய். வீட்டில் சின்னப் பெண் குழந்தையை விட்டுவிட்டுத்தான் போனார். நம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண் அவர்தான். அவர்கள் வீடுகளிலும் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

ஆனால் ஆசை மட்டும் போதாது என்பதும் எனக்குப் புரிந்தது. பயிற்சிக்காக மலைக்கோட்டை ஏறினேன். அது 300 அடிகூட இல்லை. தாயுமானவர் சந்நிதிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி, தலை சுற்றி, உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் போனால், "ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கும்மா" என்றார். எட்டாயிரம் அடிக்கு மேல் போகும்போது நல்ல உடம்புக்காரர்களுக்கே தலைவலி, வாந்தி வருமாம். அதிகமானால் பிடிவாதம் பிடிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டுமாம். "ரத்தம் ஏறின பிறகு மலை ஏறலாம்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

அன்றுதான் உறைத்தது. சமையலைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். என் உடம்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மிச்சம் மீதியைச் சாப்பிட்டே பழகிய நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது கீரையும் பேரீச்சையும் எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன். தினமும் காலையில் கொள்ளிடக்கரை வரை நடக்கிறேன். இந்த மாசியில் முடியாவிட்டால் அடுத்த மாசி, மலை எங்கே ஓடிவிடப் போகிறது? சகோதரிகளே, இமயமலையோ மலைக்கோட்டையோ, நீங்களும் ஒரு மலைக்கு ஆசைப்படுங்கள். அந்தச் சாக்கிலாவது நம் உடம்பை நாம் கவனிப்போமே!

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.