பழைய காரும் பளபளப்பு மோகமும்

பழைய அம்பாசிடரோ, பத்மினியோ, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஏதேனும் ஒன்றை இன்றும் சிரத்தையோடு காப்பாற்றி வருபவர்கள் நாலு பேர் கூடினால், பெயிண்டுக்கு எந்த வாக்ஸ் உயர்ந்தது என்ற சர்ச்சை எழாமல் இருப்பதில்லை. ஒருவர் பிரேசில் நாட்டுக் கார்னௌபா மெழுகைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பார், மற்றொருவர் செயற்கை ரசாயனத்தால் ஆன சீலன்ட்டே நின்று பிடிக்கும் என்று சாதிப்பார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆயினும், டப்பாவில் இருக்கும் மெழுகின் பூர்வோத்தரத்தை விசாரிப்பதற்கு முன்னால், அதில் தேய்த்தெடுக்கும் பொடி ஏதேனும் கலந்திருக்கிறதா என்று விசாரிப்பதே பழைய வண்டிக்காரருக்கு அவசியமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இக்காலத்துக் கார்களில் நிறத்திற்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருந்து, வெயிலையும் தேய்ப்பையும் முதலில் தான் ஏற்றுக்கொள்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கவசம் இல்லை, நிறமே மேற்பரப்பு. வருஷக்கணக்கில் வெயில் பட்டுப்பட்டு, வர்ணத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பசை சிதைந்து, மேலே சுண்ணாம்புப் பொடிபோல் வெளிறிப் போகிறது. அப்போது ஷெட்டில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வெளிறிய படலம் நீங்கி, அடியிலிருந்து பிரகாசமான நிறம் வெளிப்பட, சொந்தக்காரரும் பூரித்துப்போகிறார். சிவப்பு வண்டியைத் தேய்த்த வெள்ளைத் துணியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஏறியிருக்கும் சிவப்பு, வண்டியின் மேனியிலிருந்து கழன்று வந்த நிறம். பிரைமர் முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்னும்போது, தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம் என்று தேய்த்துக்கொண்டே போனால், பானெட்டின் மடிப்பிலும் மட்கார்டின் விளிம்பிலும் பிரைமர் எட்டிப் பார்ப்பதற்கு அதிக காலம் பிடிக்காது.

வெளிறிப்போன வண்டியை மென்மையான பாலிஷ் கொண்டு, கையாலேயே, ஒரே ஒரு முறை சுத்தம் செய்வதில் தோஷமில்லை. அதற்குப் பிறகு வாக்ஸ் மட்டுமே போதும். கடையில் 'கிளீனர் வாக்ஸ்' என்றும், கீறலைப் போக்குவது என்றும் எழுதிக் கொடுப்பவற்றிலெல்லாம் பெரும்பாலும் தேய்ப்புப் பொடி இருக்கும். விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் புலப்படாத அளவுக்கு அது நுண்ணியதாகவும் இருக்கும்.

கார்னௌபாவின் கீர்த்திக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி ஆகிய மாநிலங்களின் வறண்ட பூமியில் வளரும் ஒருவகைப் பனை, தன் ஈரம் வற்றாதிருக்க ஓலையின்மேல் சுரந்துகொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி உலர்த்தி, உதிர்த்து எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிட, இது 80 டிகிரியையும் தாண்டித்தான் உருகும். ஆனால் அதன் கடினமே அதன் சங்கடமும் ஆகும்: கரைப்பானும் எண்ணெயும் கலந்து இளக்காமல் அதைக் காரின்மேல் பூசவே இயலாது. ஆகையால், நூற்றுக்கு நூறு கார்னௌபா என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதை நம்பி இரட்டிப்பு விலை கொடுப்பது வீண். நம் வெயிலில் அது சில வாரங்கள் நிற்கும். சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். தினம் தெருவில் நிற்கும் வண்டிக்குச் சீலன்ட்டும், கொட்டகையில் நின்று ஞாயிறுதோறும் வெளிவரும் வண்டிக்கு எண்ணெய்ப்பசை மிகுந்த கார்னௌபா பேஸ்டும் தகும் என்பேன். சீக்கிரத்தில் மறுபடி பெயிண்ட் அடிக்கும் உத்தேசம் உள்ளவர்கள் மட்டும் சிலிக்கோன் கலந்தவற்றை விலக்குவது நல்லது. அதன் சுவடு மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விழும்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கும் வழக்கம் டிரைவர்களிடையே இன்னும் இருக்கிறது. க்ஷணநேரம் மின்னும், பூசிய வாக்ஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். தூசியோடு கவர் போட்டு மூடுவதும் அப்படியே; காற்றில் கவர் அசையும்போதெல்லாம் தூசி பெயிண்டைக் கீறுகிறது.

எந்த வாக்ஸும் வெயிலை முழுதாகத் தடுப்பதில்லை, அதற்கு நிழல்தான் வேண்டும். மழைநீரும், கடலோர ஊர்களின் உப்புக் காற்றும், காக்கை எச்சமும் பெயிண்டைத் தீண்டாமல் காப்பதே வாக்ஸின் வேலை. வண்டியைக் கழுவி, நன்றாக உலர்த்தி, தகடு சூடாறிய பின்பு நிழலில் நிறுத்தி, மெல்லியதாகப் பூசி, மங்கி உலர்ந்ததும் மென்துணியால் துடைத்துவிட வேண்டும்; தடிமனாக அப்பினால் துடைக்கக் கை வலிக்குமே தவிர வேறு லாபமில்லை. பிறகு, தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாகத் திரண்டு உருளும் வரையில் மறுபடி பூச வேண்டியதில்லை; நீர் பரந்து தேங்கத் தொடங்கினால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு முறை பூசிவிடலாம்.