முதல் வேலையை நம்பிக் கொடுப்பவர் யார்?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில் இருக்கிறது மதுக்கரை. அங்கே எழுந்த சிமெண்ட் ஆலைக்கு இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக் காட்ட 1934இல் டென்மார்க்கிலிருந்து சோரன் டூப்ரோ என்ற இளம் பொறியாளர் வந்தார். அவரை அனுப்பியது கோபன்ஹேகனின் எப்.எல்.ஸ்மித் நிறுவனம். அதே நிறுவனத்தின் வேலையாக 1937இல் இந்தியா வந்தவர் ஹெனிங் ஹோல்க்-லார்சன். வேதிப் பொறியியல் படித்தவர், அப்போது வயது முப்பது. இருவரும் 1938 மே 1ஆம் தேதி பம்பாயில் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம்தான் லார்சன் அண்டு டூப்ரோ. நம் ஊரில் எல் அண்டு டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோவையில் சிறிய அளவில் கட்டட காண்டிராக்ட் எடுத்து நடத்துபவன் நான். ஹோல்க்-லார்சனின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைப் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால், தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறொன்று. ஊர் பேர் தெரியாத இந்த இரண்டு பேரையும் நம்பி, அவர்களுக்கு முதல் பெரிய வேலையை ஒருவர் கொடுத்தார்.

தொடங்கியபோது அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் வெளியே போக வேண்டிய அளவுக்குத்தான் அலுவலகம். டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்பது தொழில். மறு ஆண்டே உலகப் போர் தொடங்கியது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. சரக்கு வரத்து நின்றுபோனது. விற்கப் பொருள் இல்லை, திரும்பிப் போகச் சொந்த நாடும் எதிரியின் கையில். சிறிய பட்டறை ஒன்றைப் போட்டு, கிடைத்த வேலையைச் செய்தார்கள். கப்பல் பழுதுபார்க்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

திருப்பம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. டாடா குழுமம் சோடா ஆஷ் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுவ வந்திருந்த ஜெர்மானியப் பொறியாளர்களைப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்துவிட, வேலை பாதியில் நின்றது. அதை டாடாக்கள் இந்த இரு டேனிஷ்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். கைக்கு அடக்கமான ஒரு பட்டறையை வைத்திருந்தவர்களிடம் ஓர் ஆலையையே ஒப்படைப்பது சாதாரண நம்பிக்கை அல்ல. அந்த வேலையைச் செய்து முடித்த பெயர்தான் அவர்களை வியாபாரிகள் என்ற இடத்திலிருந்து நிர்மாணிப்பவர்கள் என்ற இடத்துக்கு நகர்த்தியது. 1944இல் கட்டுமானத்துக்கென்றே ஈ.சி.சி. என்ற தனி நிறுவனம் பிறந்தது. சென்னை மணப்பாக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கட்டுமானப் பிரிவின் மூலவேர் அதுதான். டெல்லியின் தாமரைக் கோயிலைக் கட்டியது அந்தப் பிரிவுதான்.

ஹோல்க்-லார்சன் செய்ததில் என்னை மிகவும் ஈர்ப்பது தொழிலைக் கைமாற்றிக் கொடுத்த விதம். சிமெண்ட் சூளையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். லேசான சாய்வில் படுத்தபடி மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்புக் குழாய் அது. உள்ளே தீச்செங்கல் பாவியிருக்கும். மேல் முனையில் போடும் சுண்ணாம்புக்கல் கலவை, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் வெந்து, கீழ் முனையில் கிளிங்கர் என்ற கட்டிகளாக உருண்டு விழும். குழாயின் அச்சு கோணினால் உள்ளே செங்கல் தளர்ந்து உதிர ஆரம்பிக்கும். அச்சு பார்க்கும் வித்தையை வெளிநாட்டுப் பொறியாளர் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் ஆலை நெடுநாள் ஓடாது. பக்கத்தில் நிற்கும் பிட்டருக்கும் வெல்டருக்கும் அது கைவந்திருக்க வேண்டும். வாங்கி விற்பதை விட்டுவிட்டு இங்கேயே செய்வது என்று ஹோல்க்-லார்சன் முடிவெடுத்ததன் பொருள் அதுதான். 1948இல் பம்பாய்க்கு வெளியே பவாயில் சதுப்பும் காடுமாகக் கிடந்த 55 ஏக்கரை வாங்கினார்கள். பிற்பாடு அங்கிருந்துதான் அணு உலைகளுக்கான கனரக பாகங்கள் வெளிவந்தன.

டூப்ரோ 1962இல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். ஹோல்க்-லார்சன் 1978 வரை தலைவராக இருந்தார். சர்வதேச நல்லுறவுக்கான ராமோன் மகசேசே விருது 1976இலும், பத்ம பூஷண் 2002இலும் அவருக்குக் கிடைத்தன. 2003 ஜூலையில், 96 வயதில், மும்பையில் காலமானார். தலைவர் நாற்காலியை அவர் விட்டுப் போனது இந்தியப் பொறியாளர் ஒருவரிடம். நிறுவனம் எந்தக் குடும்பத்தின் கைக்கும் போகவில்லை. 2003-04இல் சிமெண்ட் பிரிவு தனியே பிரிந்தபோது கைமாறிய பங்குகளை ஊழியர் அறக்கட்டளை வாங்கியது. இன்றும் சுமார் 14 சதவீதப் பங்குகள் அதனிடம் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1938இன் பம்பாயில், படித்த ஐரோப்பியருக்குத் திறந்த கதவுகள் எல்லோருக்கும் திறக்கவில்லை. திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. கூடவே தோலின் நிறமும் பட்டமும் துணைக்கு நின்றன. இவை எதுவும் துணைக்கு இல்லாமல் பிழைக்க வருகிறவருக்கு நாம் எந்தக் கதவைத் திறக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டில் இன்று எந்தக் கட்டட வேலையை எடுத்துக்கொண்டாலும் சென்ட்ரிங் அடிப்பவரும் கம்பி கட்டுபவரும் டைல்ஸ் ஒட்டுபவரும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். என் சைட்டில் கம்பி வேலை செய்ய பீகாரிலிருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் தூண்களுக்கான டிராயிங்கை வாங்கிப் பார்த்தவர், எல்லாக் கம்பிக்கும் லேப் ஒரே மட்டத்தில் விழுகிறதே, மாற்றி மாற்றி விட வேண்டாமா என்று கேட்டார். கம்பிகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டு நின்றால் அந்த இடத்தில் தூண் பலவீனப்படும். கான்கிரீட்டும் கம்பி நெருக்கத்தில் சரியாக இறங்காது. வரைந்த பொறியாளரிடம் பேசி டிராயிங்கை மாற்றினோம். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர் அவர். எந்த நீளக் கம்பிக்கு எத்தனை துண்டு, கழிவு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்.

தனியாக கம்பி வேலை காண்டிராக்ட் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய நிறுவனம் ஒன்றில் அவருக்காகக் கேட்டேன். ஆளாக வரட்டும், ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர் முகவரிக்குச் சான்று இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட ஆள் இல்லை. அடுக்குமாடி ஒன்றின் கம்பி வேலையை டன்னுக்கு இவ்வளவு என்று பேசி நானே அவரிடம் கொடுத்தேன். சொன்ன தேதிக்கு முடித்தார். இப்போது அவருடைய குழுவில் எங்கள் பகுதிப் பையன்களும் தொழில் கற்றுக்கொள்கிறார்கள்.

உள்ளூர்க்காரர் வேலையை இவர்கள் பறிக்கிறார்கள் என்ற குரல் எனக்கும் கேட்கிறது. அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் கூலியைக் கீழே இழுப்பது புரோக்கர்தான். ரயிலில் கூட்டி வந்து, தகரக் கொட்டகையில் தங்க வைத்து, சம்பளத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறவர்கள் இருக்கும்வரை உள்ளூர்க் கொத்தனாருக்கும் நியாயமான கூலி கிடைக்காது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்த விதியை நடைமுறைப்படுத்தினால் இரண்டு தரப்பும் பிழைக்கும்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நலவரியாகக் கட்டடச் செலவில் 1 சதவீதத்தைக் கட்டிவருகிறோம். அதில் ஒரு பங்கை எடுத்து சைட்டுக்கே வந்து திறனைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். தமிழும் இந்தியும் தெரிந்த அனுபவசாலி மேஸ்திரிகளையே சோதிப்பவர்களாக வைத்தால் காகிதச் சான்றாக அது முடிந்துபோகாது. அரசு வேலைக்கு காண்டிராக்டராகப் பதிய சொத்து மதிப்புச் சான்று கேட்கிறார்கள். சொத்து இருந்தால் ஒருவர் ஏன் பிழைக்க ஊரைவிட்டு வருகிறார்? அங்கன்வாடிச் சுற்றுச்சுவர், பள்ளிக் கழிப்பறை போன்ற சிறு வேலைகளில் ஒரு பகுதியை, சான்று பெற்ற தொழிலாளர் குழுக்களுக்குச் சொத்துச் சான்று கேட்காமல் கொடுக்கலாம். உள்ளூர்க் குழுவாக இருந்தாலும் வெளிமாநிலக் குழுவாக இருந்தாலும் விதி ஒன்றாக இருக்கட்டும். பில் பணத்தை மட்டும் வேலை முடிந்த மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும். சின்ன காண்டிராக்டர் நொடித்துப் போவது பெரும்பாலும் பணம் தாமதமாவதால்தான்.

பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல் அண்டு டி 1995இலேயே சென்னையில் கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போங்கள். உங்கள் சைட்டில் ஐந்தாண்டு கம்பி கட்டியவருக்கு ஆறாம் ஆண்டில் ஒரு தளத்தின் கம்பி வேலையை அவர் பெயரிலேயே ஒப்பந்தமாகக் கொடுங்கள். டாடாக்கள் அன்று இரண்டு வெளிநாட்டு இளைஞர்களை நம்பிக் கொடுத்தது ஒரு முழு ஆலை. நான் கேட்பது ஒரே ஒரு தளம்.