கப்பலில் நம் படுக்கையை விரிப்பவர் யார்?



கடந்த ஒரு மாதத்திற்குள் நம் சபைக் குடும்பங்களில் மூன்று என்னிடம் சொகுசுக் கப்பல் பயணத்தைப் பற்றி விசாரித்துவிட்டன. ஒரு வீட்டில் பெற்றோரின் நாற்பதாவது திருமண நாள் வருகிறது. இன்னொரு வீட்டில், சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் சீட்டை வாங்கிவிட்டுத்தான் தகவலே சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர், "ஐயரே, விசுவாசி ஒருவன் இதற்கெல்லாம் பணம் செலவழிக்கலாமா?" என்று நேராகவே கேட்டார்.

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் அத்தகைய பயணம் ஒன்று போய்வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அதைப் பற்றி நான் இதுவரை பிரசங்க பீடத்தில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் வாங்கித் தந்த பயணம் அது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் ஆகிய இடங்களைக் கண்டு, நான்காம் இரவு முடிந்ததும் மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்புவது. முதல் நாள் மாலையில் மேல்தளத்தில் நின்றோம். மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாய் எரிந்துகொண்டிருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சபையாருக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த என் மனைவிக்கு, அன்று வேறொருவர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். அந்தப் பயணம் எங்களுக்கு இனிமையாகவே இருந்தது. ஓய்வைக் கட்டளையாகவே கொடுத்த தேவன், தம் பிள்ளைகள் ஓய்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர் அல்லர்.

ஆகவே முதலில், கேட்டவர்களுக்குப் பயன்படும் காரியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் இருக்கும் விலை முழு விலை அன்று. அறையும் பொதுவான உணவும் அதில் அடங்கும். மதுவும் குளிர்பானங்களும், வைஃபை, தனி உணவகங்கள், கரையில் நடத்தும் சுற்றுலா ஆகியவை பெரும்பாலும் தனிக்கணக்கு. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை, சீட்டு வாங்கும் முன் நினைவில் வையுங்கள். கடன் வாங்கிப் போகவேண்டிய பயணம் எவருக்கும் ஓய்வைத் தராது.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் இருக்கட்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பினாலும் அது மறுநுழைவு. எனவே பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியதரைக் கடலுக்குச் செல்வோர் ஷெங்கன் விசாவிலும் இதையே கவனிக்கவேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் கட்டணம் உண்டு. கடுமையான நோய் என்றால் கரைக்கு இறக்கிவிடுவார்கள், அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். அன்றாட மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வந்துசேர மாலையாகலாம்.

கடல் மயக்கம் வருபவர்கள், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையைக் கேளுங்கள்; அங்கே ஆட்டம் குறைவு. கைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். எங்களோடு வந்த ஒருவர், பேரனோடு பத்து நிமிடம் பேசியதற்கு வந்த கட்டணத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். உணவுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் எளிதில் பரவும் நோரோ வைரஸுக்குக் கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது. புக்கெட்டின் பத்தோங் கடற்கரையில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. சிறு படகில் ஏறித்தான் செல்லவேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. திரும்பவேண்டிய நேரம் என்று ஒன்று சொல்வார்கள். தனியே சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை அலட்சியம் செய்யாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று, இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அதில் 4,229 பேர் இருந்தனர். 32 பேர் மாண்டனர். அன்று மாலை சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பது அந்நாள் விதி. இப்போது, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தவேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டிருக்கிறது. பயணிகள் உள்ளே இருக்கையிலேயே அந்தக் கப்பலின் தலைவர் வெளியேறிவிட்டார்; நீதிமன்றம் அவருக்கு 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். பவுல் ஏறிய அந்த அலெக்சந்திரியாக் கப்பலில் 276 பேர் இருந்தனர். புயலில் மாலுமிகள் நங்கூரம் போடுவதாகப் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தனர். பவுல் அதைக் கண்டு நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லித் தடுத்தார். அவர்கள் கப்பலில் இராவிட்டால் மற்றவர்களும் பிழைக்கமுடியாது என்பதே அவர் சொன்னதன் பொருள். ஒரு கப்பலில் ஏறியபின் ஒருவருடைய உயிர் மற்றவருடைய கையில் இருக்கிறது. பயணி, பணியாளர், கைதி என்ற வேறுபாட்டைக் கடல் பார்ப்பதில்லை.

அந்த உண்மையைப் பிரசங்கித்திருக்கிற நான்தான், கப்பலில் ஏறிய இரண்டாம் நாளே அதை மறந்தேன்.

எங்கள் அறையைக் கவனித்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஓர் இளைஞர். நாங்கள் காலையில் வெளியே போய்த் திரும்புவதற்குள் படுக்கை விரிக்கப்பட்டிருக்கும். இரவில் துவாலையை யானையாகவோ குரங்காகவோ மடித்துக் கட்டிலில் வைத்திருப்பார். அந்தக் கப்பலில் பணியாளர்களுக்கான டிப்ஸ் என்று நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலர் கணக்கில் தானாகவே சேர்ந்துகொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் நான்கு நாளுக்கு 144 டாலர். நம் பணத்தில் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. "அதை எடுத்துவிடச் சொல்லலாம் ஐயா, நாங்கள் எடுத்துவிட்டோம்" என்று உணவு மேசையில் ஒருவர் யோசனை சொன்னார். நான் விருந்தினர் சேவை மேசையில் வரிசையில் நின்று, எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த பெண், "பணியில் ஏதாவது குறை இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றேன். அவர் கணினியில் எதையோ தட்டினார். அவ்வளவுதான்.

என் மனதிற்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானங்களை அப்படியே எழுதுகிறேன். இது மகளின் பணம், வீணாக்கக் கூடாது. கொடுத்தாலும் நிறுவனத்திற்குத்தானே போகும். கடைசி நாளில் அந்தப் பையன் கையில் பத்து டாலர் வைத்தால் போதும்.

மூன்றாம் நாள் இரவு அவர் கதவைத் தட்டினார். நான் போதகர் என்பதை என் மனைவியிடமிருந்து அறிந்திருக்கிறார். தமக்காக ஜெபிக்கமுடியுமா என்று கேட்டார். ஏழு மாதமாகக் கப்பலில் இருக்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் உண்டு. மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. முகத்தைக் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார். ஞாயிறு என்பது அவருக்கு வேலை அதிகமுள்ள நாள். சில பணியாளர்கள் நள்ளிரவில் வேலை முடிந்தபின் கீழ்த்தளத்து உணவறையில் கூடி ஜெபிப்பதாகச் சொன்னார். நடைவழியிலேயே நின்று இரண்டு நிமிடம் ஜெபித்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் என் முன்னே திறந்தே இருந்தது. அறுவடை செய்தவனின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறது.

அன்றிரவே மீண்டும் அந்த மேசைக்குப் போனேன். எடுத்ததைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அப்போதுதான் விசாரித்தேன். அந்தத் தொகை அறைப் பணியாளருக்கு மட்டும் போவதில்லை. உணவறையில் பரிமாறுபவர்களுக்கும், நாம் கண்ணாலும் காணாத கீழ்த்தளத்துப் பணியாளர்களுக்கும் பங்கிடப்படுகிறது. நான் கொடுக்க நினைத்த பத்து டாலர் அவர்களில் ஒருவரையும் எட்டியிருக்காது.

இதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். கூலியின் பெரும்பகுதியைப் பயணியின் மனப்போக்கில் விட்டுவைக்கும் முறை நல்ல முறை அன்று. அதை நிறுவனங்கள் சீட்டின் விலையிலேயே சேர்த்து, நியாயமான சம்பளமாகக் கொடுக்கவேண்டும். சில நிறுவனங்கள் அப்படிச் செய்தும் வருகின்றன. ஆனால் முறை தவறு என்று சொல்லி நாம் பணத்தைப் பிடித்துக்கொண்டால், தண்டனை நிறுவனத்திற்கு அன்று, படுக்கையை விரித்தவருக்கு. எளியவனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்பதே அது காட்டும் காரணம். எனவே அந்தத் தொகையைப் பயணச் செலவில் சேர்த்தே கணக்கிடுங்கள். அது நம் பட்ஜெட்டுக்கு எட்டாதென்றால், பயணமும் எட்டாது என்று பொருள்.

கடற்பணியாளர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது அது. இதை நீங்களே கழித்துப் பாருங்கள். சட்டத்தை மீறாமலேயே ஒரு மனிதர் எவ்வளவு நேரம் உழைக்கமுடியும் என்பது விளங்கும்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் தங்கள் அறைகளில் அடைபட்டிருந்தபோது, வாசல்தோறும் உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பணியாளர்கள். அவர்களோ ஓர் அறையைப் பலர் பகிர்ந்து தங்கியவர்கள். அக்கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பணியாளர்கள். அதாவது, நம் தேசத்துப் பிள்ளைகள் இத்தகைய கப்பல்களில் பெரும்பாலும் சாப்பிட உட்கார்ந்தவர்கள் அல்லர், பரிமாற நின்றவர்கள்.

ஆகவே தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் பதில் இது. போகலாம் ஐயா. உழைத்த கை ஓய்வெடுப்பது பாவம் அன்று. சூதாட்டக் கூடமும் மது மேசையும் அங்கே இருக்கும். அவை நம் ஊரிலும் இருக்கின்றன, அவற்றைக் கடந்து போக உங்களுக்குத் தெரியும். எனக்கு இருக்கும் பயம் வேறு. நான்கு நாள் எல்லாரும் நம்மை "சார்" என்று அழைத்துப் பணிவிடை செய்யும்போது, நாம் ஊழியம் கொள்ளவே பிறந்தவர்கள் என்ற எண்ணம் மெல்ல உள்ளே வந்துவிடும். எனக்கு அதற்கு ஒரு நாளே போதுமாயிருந்தது.

கப்பலில் ஏறிய முதல் நாளே உங்கள் அறைப் பணியாளரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே அழையுங்கள். அறையை அலங்கோலமாக விட்டுப் போகாதீர்கள். இறங்கும் முன், அவருடைய பணியைப் பாராட்டி இரண்டு வரி எழுதி, அவர் பெயருடன் கப்பல் அலுவலகத்தில் கொடுங்கள். அது அவருடைய அடுத்த ஒப்பந்தத்திற்கு உதவக்கூடும். போகாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உலகெங்கும் பல திருச்சபைகள் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைக் கடற்பணியாளருக்காக ஒதுக்கி ஜெபிக்கின்றன. 1856இல் தொடங்கப்பட்ட கடலோடிகள் ஊழியம் இன்றும் துறைமுகங்களில் அவர்களைச் சந்தித்துவருகிறது. இந்த ஆண்டு நம் சபையிலும் அந்த ஞாயிறை ஆசரிப்போம். கப்பலில் பணிபுரியும் பிள்ளைகள் உள்ள வீட்டார், அவர்களுடைய பெயர்களை எனக்கு எழுதிக் கொடுங்கள்.

அந்த இளைஞரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் ஜெபக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அவருடைய மகளுக்கு இப்போது ஒன்றரை வயது இருக்கும்.

ஜெபம்: கடலையும் அதிலுள்ளவைகளையும் படைத்த ஆண்டவரே, நாங்கள் ஓய்ந்திருக்கும் வேளையிலும் எங்களுக்காக விழித்திருந்து உழைக்கிறவர்களைக் காணும் கண்களைத் தாரும். அவர்களுக்குரியதைப் பிடித்துவைக்கும் கையை எங்களிடமிருந்து விலக்கும். தூரக் கடலில் இருப்பவர்களை அவரவர் வீட்டு வாசலுக்குச் சுகமாய்க் கொண்டுவந்து சேரும். ஆமென்.